தாய்மாமன் சீர், கார் ஒன்று

ஜொகூர் பாரு
2 ஜூன் 2025

அன்புள்ள தங்கை வினிஃப்ரெட்டுக்கு,

அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். பழைய கார் விற்கும் இடத்தில் வேலை பார்ப்பவன் விற்பனைத் தாளில் ஒப்பம் போடுவதோடு சரி, பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. "போன்ல பேசுனா நீங்களும் கத்துவீங்க, நானும் கத்துவேன். ஏதாச்சும் சொல்லணும்னா எழுதுங்க, படிக்கிறேன்" என்று கிறிஸ்துமஸ் அன்று வாசலில் நின்று சொன்னாய். ஐந்து மாதம் நானும் ரோஷக்காரன் மாதிரி இருந்து பார்த்தேன். இப்போது எழுதும்படி ஆகிவிட்டது.

நேற்று ஒரு கல்யாணத்தில் உன் பக்கத்து வீட்டு ராஜம்மாவைப் பார்த்தேன். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு நீ காரிலேயே போகிறாயாம். உன் மாமியாரையும் ஷர்மைனையும் ஏற்றிக்கொண்டு நீயே ஓட்டப் போகிறாயாம். "ஒங்க தங்கச்சி கெட்டிக்காரிலா" என்றார். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ரெங்கத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டர், வினி. திரும்பி வர இன்னொரு அறுநூறு.

உன் ஓட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு காரியம் செய். கிளம்புவதற்கு முன்னால் டைமிங் பெல்ட்டை மாற்றிவிடு. என்ஜினுக்குப் பக்கவாட்டில் மூடிக்குள் ஓடுகிற ரப்பர் பட்டை அது. கண்ணுக்குத் தெரியாது, அதனால் யாருக்கும் ஞாபகம் வராது. எனக்குத் தெரிந்த ஃபோர்மேன் வீரமுத்து இருக்கிறார், கார் என்ஜினில் கை வைத்தால் அரை நாளில் முடித்துவிடுவார். செலவு என்னுடையது. இதில் விசேஷமான காரணம் எதுவும் இல்லை. தூரப் பயணம் என்பதால் சொல்கிறேன்.

ஷர்மைன் உயரமாகிவிட்டாளாமே. மாமன் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.

அண்ணன்,
ஸ்டானிஸ்லாஸ்


ரெங்கம்
7 ஜூன் 2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதச் சொன்னது நான்தான், அதனால் படித்தேன்.

முதலில் கிறிஸ்துமஸ் விஷயம். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. உங்கள் மாப்பிள்ளை அட்ரியனின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, "எங்க வீட்டுக் கார்லதான் இந்த வீடே ஓடுது" என்று சொன்னது நீங்கள். அதையும் சேர்த்து எத்தனை தரம் அந்தக் காரைப் பற்றிப் பேசினீர்கள் என்று ஷர்மைன் விரல்விட்டு எண்ணியிருக்கிறாள். ஏழு. அவர் என்ன மரக்கட்டையா? "அப்படின்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க மச்சான்" என்று சாவியை உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் அந்தக் காரில் ஏறவில்லை. தொழிற்சாலைக்கு மழையிலும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். நடுவில் நிற்பவள் நான்.

இப்போது கார் விஷயம். மூன்று வருஷமாக அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளி அலுவலகத்தில் ஒரு பென்சில் பெட்டி குறைந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவள் நான். காருக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மீட்டர் எண்ணைப் போட்டு, எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், பேட்டரி மாற்றிய நாள் எல்லாம் எழுதுகிறேன். கார் எங்கள் கைக்கு வந்தபோது மீட்டர் 62,340. இன்று காலை 95,210. டைமிங் பெல்ட் ஒரு லட்சத்தில் மாற்ற வேண்டும் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. திருவிழா போய் வந்தால் 97,000 தாண்டாது. வந்ததும் 98,000த்தில் மாற்றுவதாக ஏற்கெனவே நோட்டில் குறித்துவிட்டேன். இரண்டாயிரம் முன்கூட்டியே. போதுமா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நிமிடம் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது. ஓடினால் நின்றுவிடும். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் செலவு எனக்கு வேண்டாம். நீங்கள் பெல்ட் மாற்றிக் கொடுத்தால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு அதுவும் எட்டாவது தரமாகப் பேச்சில் வரும். கடிதத்தை அட்ரியனிடம் காட்டவில்லை.

வினிஃப்ரெட்


ஜொகூர் பாரு
11 ஜூன் 2025

அன்புள்ள வினி,

ஏழு தரம் என்று எழுதியிருந்தாய். ஐந்து என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்க்கொழுப்பு, ஒப்புக்கொள்கிறேன். வண்டி விற்கிறவனுக்கு வாய்தானே பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் அது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஆனால் அந்த டிக் டிக் சத்தத்தை ஏன் கடைசி வரியில் எழுதினாய்? முதல் வரியில் அல்லவா எழுத வேண்டும்! சத்தம் வலது பக்கமிருந்தா, இடது பக்கமிருந்தா? மூடிக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? ஏசி போட்டால் கூடுகிறதா? இதற்கெல்லாம் பதில் எழுது. போன் செய்தாலும் சரி, நான் கத்த மாட்டேன்.

நீ கிலோமீட்டர் கணக்கு மட்டும் பார்க்கிறாய். ரப்பருக்கு வயசும் உண்டு. நம் வெயிலுக்கு அது காய்ந்து வெடிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு பல் பிய்ந்தால் அடுத்த நிமிடம் முழுப் பட்டையும் போய்விடும். அப்போது என்ன ஆகும் என்று தெரியுமா? முன்கூட்டி எந்த விளக்கும் எரியாது. நூற்றுப் பத்தில் போய்க்கொண்டிருக்கும்போது என்ஜின் பட்டென்று செத்துப்போகும். ஸ்டியரிங் கல்லாக இறுகும். பிரேக் இரண்டு மிதிக்குப் பிறகு பிடிக்காது. பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். எங்கள் இடத்தில் வண்டி வாங்கிய ஒரு சீனருக்கு இப்படி ஆனது. அவர் ஓரமாக ஒதுக்கிவிட்டார், அவருடைய அதிர்ஷ்டம். உனக்கும் அதிர்ஷ்டம் இருக்கும் என்று நம்பி நான் இங்கே உட்கார்ந்திருக்க முடியுமா?

ஆகவே வருகிற சனிக்கிழமை வீரமுத்துவை அனுப்புகிறேன். புதுப் பெல்ட், சாமான் எல்லாம் அவரே கொண்டுவருவார். உன் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிடுவார். நீ கதவைத் திறந்தால் போதும். மாப்பிள்ளை சனிக்கிழமை காலை வேலைக்குப் போவார்தானே?

தயவுசெய்து.

அண்ணன்


ரெங்கம்
16 ஜூன் 2025

அண்ணனுக்கு,

உங்கள் வீரமுத்து வந்தார். இரும்புப் பெட்டியும் ஜாக்கியும் எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே வாசலில் நின்றார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்லவில்லை. உங்கள் கடிதம் அன்று மதியம்தான் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "ஒங்க அண்ணே அனுப்புனாரும்மா, என்ஜினத் தொறக்கணும்" என்றால் நான் என்ன நினைப்பேன்?

அத்தை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னாச்சு, ஒங்க அண்ணே குடுத்த வண்டிக்கு என்ன கோளாறு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்தின்போது என் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை என்று பத்து வருஷத்துக்கும் மேலாக ஜாடைப் பேச்சு கேட்டவள் நான். ஷர்மைன் சடங்கில் நீங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. இப்போது அத்தையே போகிற இடமெல்லாம், "மருமவ அண்ணே குடுத்தது, அறுவத்திரெண்டாயிரந்தான் ஓடிருந்துச்சு" என்கிறார். அவர் வாயில் அந்த எண்ணைக் கேட்கும்போது எனக்கு முதுகு நிமிர்கிறது. அதை உங்களிடம் மறைப்பானேன்?

அதனால் வீரமுத்துவிடம், "ஒன்னும் இல்ல, வேணாம், போய்ட்டு வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிறகு வருத்தமாக இருந்தது.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீங்கள் இப்படிப் பயப்படுகிற ஆள் இல்லை. அப்பா செத்த அன்றுகூட எனக்குத் தைரியம் சொன்னவர். அதனால் நேரடியாகக் கேட்கிறேன். இந்தக் காரில் எனக்குத் தெரியாமல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். சத்தம் வலது பக்கமிருந்து வருகிறது.

வினிஃப்ரெட்


ஜொகூர் பாரு
23 ஜூன் 2025

அன்புள்ள வினி,

இது நான்காவது தாள். முன்னால் எழுதிய மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஒன்றும் இல்லை. காரில் ஒன்றும் இல்லை. வயசானால் மனுஷனுக்குப் பயம் வரும் என்பார்கள், எனக்கு ஐம்பத்து நான்கிலேயே வந்துவிட்டது போலிருக்கிறது.

போனால் தொண்ணூறுக்கு மேல் போகாதே. இடது தடத்திலேயே போ. ஒவ்வொரு ஓய்விடத்திலும் நிறுத்து. ஷர்மைனை முன்னால் உட்கார வைக்காதே.

பஸ்ஸில் போனால் என்ன? கோயிலிலிருந்து யாத்திரை பஸ் போகுமே.

அண்ணன்


ரெங்கம்
7 ஜூலை 2025

அண்ணனுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் நீங்கள் எங்கள் கோயில் வளாகத்தில் இருந்தீர்கள். பூசைக்கு வரவில்லை. என் காருக்குப் பக்கத்தில் இருந்தீர்கள்.

வண்டிகளை ஒழுங்குபடுத்துகிற செல்வா வந்து சொன்னான். "அக்கா, ஒங்க காரு பானெட்டத் தொறந்து ஒருத்தர் தலைய உள்ள விட்டுட்டு நிக்கிறாரு. யாருன்னு கேட்டேன். 'நான் அண்ணே'ன்னாரு. பெறகு மணி அடிச்சதும் ஓடிட்டாரு." அலமாக், ஓடினீர்களாம்! அந்த உடம்பை வைத்துக்கொண்டு. சனங்களெல்லாம் பூசை முடிந்து வெளியே வரும்போது பானெட் திறந்தே கிடக்கிறது, கீழே ஒரு ஸ்பானர் கிடக்கிறது. நற்கருணை வாங்கிய வாயோடு நான் அங்கே நின்று என்ன பதில் சொல்ல? ஷர்மைன் அழுதுவிட்டாள். "மாமா ஏம்மா திருடன் மாரி வந்தாரு?" என்று கேட்டாள்.

உங்களிடம் இன்னொரு சாவி இருக்கிறது என்று எனக்கு நேற்றுவரை தெரியாது. சீர் கொடுத்துவிட்டு ஒரு சாவியை வைத்துக்கொள்கிற ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்தீர்களா? கிறிஸ்துமஸ் அன்று அட்ரியன் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு செய்கிறீர்களா? அப்படியென்றால் வாசல் வழியாக வந்து கேளுங்கள். சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறேன். எனக்குப் பஸ் ஏறத் தெரியும்.

அட்ரியன் கேட்டபோது, யாரோ தங்கள் கார் என்று நினைத்துத் திறந்துவிட்டார்கள் என்றேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இது. உங்களுக்காகச் சொன்னேன்.

ஜூலை 24, வியாழக்கிழமை காலை கிளம்புகிறோம். மாற்றமில்லை. சாவியைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். இனி எழுத வேண்டாம்.

வினிஃப்ரெட்


ஜொகூர் பாரு
12 ஜூலை 2025

வினி,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிடு. சாவி உள்ளே இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், நீயே ஒப்பமிட்டு வாங்க வேண்டும்.

உன் கார் ஓடியது தொண்ணூற்றைந்தாயிரம் இல்லை. ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். நான் வாங்கும்போதே மீட்டரில் 1,62,340 இருந்தது. முன்னாலிருந்த ஒன்றை எடுக்க வைத்தது நான். ஒருவன் மடிக்கணினியோடு வந்தான், டேஷ்போர்டைக் கழற்றி ஒரு வயரைச் சொருகினான், பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டான். நான் அவனுக்குப் பக்கத்தில் நின்று பால் போடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தேன்.

விற்பதற்காகச் செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், விற்கிற வண்டியில் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. உன் வீட்டுச் சடங்குக்காகச் செய்தேன். கல்யாணத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் வெறுங்கையோடு நின்றேனே, அன்று உன் மாமியார் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. தாய்மாமன் சீர் என்று கார் கொண்டுவந்தால், அதன் மீட்டரை எட்டிப் பார்க்க ஆள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று பார்த்தால், "ஓடித் தேஞ்சத தங்கச்சி தலையில கட்டிட்டான்" என்று சொல்வார்கள். அது உன்னைத்தான் குத்தும் என்று நினைத்தேன். மைக் பிடித்தவரிடம் நானே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்தார்: "தாய்மாமன் சீர், கார் ஒன்று, அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியது." கை தட்டினார்கள். ஃபாதர் வந்து வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தபோது ஜன்னல் வழியாக மீட்டர் மேலும் நாலு சொட்டு விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தியால் மூடியதாக நீ நினைத்திருப்பாய்.

இதைவிடப் பெரிய பாவம் பெல்ட். பழைய சொந்தக்காரர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். "பெல்ட் ஒரு தடவகூட மாத்துல பாஸ். நீங்க மொதல்ல அதப் பாருங்க." பார்க்கிறேன் என்றேன். கையில் இருந்ததைப் பெயின்டுக்கும் புது சீட் கவருக்கும் போட்டேன். பெல்ட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டேன். அடுத்த மாதம் ஏதாவது சொல்லி வாங்கிவந்து மாற்றிவிடலாம் என்றுதான் இன்னொரு சாவியை வைத்துக்கொண்டேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த அதே பட்டை, வினி. ஒரு லட்சத்தில் மாற்ற வேண்டியது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஓடிவிட்டது. நீ 98,000 என்று நோட்டில் குறித்து வைத்திருப்பதைப் படித்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவ்வளவு ஒழுங்காக நீ எழுதி வைத்த ஒவ்வொரு எண்ணும் என்னால் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூடியைத் திறந்து பட்டையைப் பார்க்கத்தான் வந்தேன். இரண்டு போல்ட் கழன்றது. மூன்றாவது இறுகிப்போயிருந்தது. மணி அடித்தது. ஷர்மைன் என்னைத் திருடன் என்று நினைத்ததில் தப்பில்லை.

கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து அந்தக் காரை எடுக்காதே. பள்ளிக்குக்கூட எடுக்காதே. மாப்பிள்ளையிடம் சொல். அவர் என்ன சொன்னாலும் எனக்கு அது சரி. உன் மாமியார் என்ன சொன்னாலும் சரி. நீங்கள் மூன்று பேரும் உயிரோடு இருந்து என்னைத் திட்டினால் போதும்.

ஸ்டானிஸ்லாஸ்


ரெங்கம்
19 ஜூலை 2025

அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு வெளியே போய்க் காரைப் பார்த்தேன். அன்று காலைகூட ஷர்மைனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த கார். அதன்மேல் கை வைக்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் அட்ரியன் சாப்பிட உட்கார்ந்ததும் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். மடித்தார். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். பிறகு, "பெல்ட் அப்பவே மாத்தியாச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து கை கழுவிவிட்டு சாமான் அறைக்குப் போய்ப் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதுதான் உங்கள் பெல்ட். முதுகெல்லாம் வெடிப்பு. ஒரு ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. இரண்டு பல் அடியில் விரிந்து ஆடுகிறது.

அவர் தொழிற்சாலையில் இருபது வருஷமாக இயந்திரம் பராமரிக்கிறவர் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள், நானும் மறந்துவிட்டேன். கார் வந்த முதல் வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். "பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுன்னு தேஞ்சி கெடந்துச்சு வினி. அறுவதாயிரத்துல அப்படித் தேயாது. சீட் கவர் புதுசு, உள்ள பஞ்சு அமுங்கிப் போயிருக்கு." டயர் மாற்றப் போகிறேன் என்று ஒருநாள் எடுத்துப்போய் க்ளுவாங்கில் தெரிந்த ஒரு பட்டறையில் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றிவிட்டு, பழையதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் ஏழாவது தரம் பேசியபோது அதை எடுத்துவந்து உங்கள் தட்டில் போடத்தான் எழுந்தாராம். சாமான் அறைவரை போயிருக்கிறார். "ஒன் மொகம் ஞாபகம் வந்துச்சு. சாவிய மட்டும் வச்சேன்" என்றார்.

நீங்கள் இருவரும் என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். ஒருவர் பொய் சொல்லி, ஒருவர் வாய் திறக்காமல். நடுவில் நான் ஒருத்தி, பைத்தியக்காரி மாதிரி ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பொய் எண்ணை நோட்டில் அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா, சொன்னால் உடைந்துவிட? பட்டறைச் சீட்டில் தேதி பார்த்தேன். கார் வந்து இருபத்தாறாவது நாள் மாற்றியிருக்கிறார். அந்த இருபத்தாறு நாளும் அந்த நூல் பிரிந்த பெல்ட்டில்தான் நானும் என் மகளும் போய் வந்தோம். அதற்கு உங்கள் இருவரில் யாரை முதலில் மன்னிப்பது என்று தெரியவில்லை. அட்ரியனோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவர், "தப்புதான் வினி, அன்னிக்கே ஒங்கிட்டச் சொல்லிருக்கணும்" என்றார். அதற்கப்புறம் பேசுகிறேன்.

வியாழக்கிழமை வீரமுத்துவை நானே போன் செய்து வரவழைத்தேன். இந்தத் தடவை சாப்பாடும் போட்டேன். பெல்ட் இன்னும் நன்றாக இருக்கிறது என்றார். டிக் டிக் சத்தம் வால்வில், இடைவெளியைச் சரிசெய்தார். கியர் எண்ணெய், பிளக், முன்சக்கர புஷ் எல்லாம் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் ஓடிய காருக்கு என்ன வேண்டுமோ அதன்படி மாற்றினார். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போகலாமாம். நோட்டில் பழைய பக்கங்களை அடிக்காமல், ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் சிவப்பு மையில் ஒன்று போட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் ஆனது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். அத்தைக்கு இன்னும் தெரியாது. மைக்கில் வாசித்த எண்ணைத்தான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் சொல்ல மாட்டேன், அட்ரியனும் சொல்ல மாட்டார். அவர் வியாழக்கிழமையிலிருந்து சனிக்கிழமைவரை லீவு போட்டுவிட்டார், எங்களோடு வருகிறார். நீங்களும் வர வேண்டும். நான்தான் ஓட்டுவேன். அத்தை முன்னால் உட்காருவார். நீங்களும் உங்கள் மாப்பிள்ளையும் ஷர்மைனை நடுவில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருங்கள். யோங் பெங் வருவதற்குள் அத்தையிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் யோங் பெங்கில் இறக்கிவிட்டுவிடுவேன். அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு பஸ் இருக்கிறது. அத்தை சத்தம் போடுவார். என்னையும் சேர்த்துத்தான் போடுவார். போடட்டும், நாம் இரண்டு பேரும் வாங்கிக்கொள்வோம்.

புதன்கிழமை சாயங்காலமே வந்து எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டால் நல்லது. வெட்கமாக இருந்தால் வியாழக்கிழமை விடிகாலை வாருங்கள்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அண்ணா. நீங்கள் வராமல் இருந்துவிடுவீர்களோ என்று பயமாகவும் இருக்கிறது. ஐந்தரைக்குக் கிளம்புவதாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆறரை வரை நிற்பேன்.

வினி